நத்தாருக்குப் பூசாத வீடு

போரில் இடம்பெயர்ந்து, தெல்லிப்பழையில் உள்ள எங்கள் வீட்டுக்கு நாங்கள் திரும்பி வந்தபின் பதினொரு நத்தார், அதாவது கிறிஸ்மஸ், போயின. பதினொன்றுக்கும் வீட்டின் வெளிச்சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்தவள் நான். கார்த்திகை பிறந்தால் பெயின்ற் வாளி வந்து இறங்கிவிடும். மார்கழி பிறக்குமுன் வீடு பளபளக்கும். நத்தார் ஆராதனை முடிந்து வருகிற சனம் படலையடியில் நின்று, "மிஸ்ஸியின்ரை வீடு இந்த முறையும் வடிவு" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்ததால் ஊரில் என் பெயரே மிஸ்ஸி என்றாகிவிட்டது. வெள்ளைச் சீருடையில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஆனால் பங்குனி வெயில் தொடங்க, பெயின்ற் அங்கங்கே கொப்பளிக்கும். ஆடிக் காற்றுக்கு உரிந்து முற்றமெல்லாம் பறக்கும். அதைக் கூட்டி அள்ளுகிறபோதெல்லாம் அந்த வருஷத்துப் பெயின்ரரைத் திட்டித் தீர்ப்பேன். அடுத்த கார்த்திகைக்கு வேறு ஒருவரைப் பிடிப்பேன். பதினொரு வருஷத்தில் ஏழு பேரை மாற்றியாயிற்று. என் கணவர் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். "வலிகாமத்திலை உள்ள பெயின்ரர்மார் எல்லாரும் கள்ளர், எங்கடை சுவர் ஒண்டுதான் நேர்மை" என்று அவர் ஒருமுறை சொன்னார். நான் அதைப் பகிடியென்று எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் அவரோடு கதைக்கவும் இல்லை.

பன்னிரண்டாவது நத்தாருக்கு இரண்டு மாதம் இருந்தபோது, ஐப்பசியின் முதல் பெருமழையில், விறாந்தையின் முன்சுவரிலிருந்து தாம்பாளம் அளவில் ஒரு சாந்துக் கட்டி கழன்று விழுந்தது. விழுந்த இடம் என் கணவருடைய பிரம்புக் கதிரை. கோழிக்குத் தீன் போட அவர் எழும்பி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. கதிரையின் முதுகு முறிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு தீன் பேணியோடு அப்படியே நின்றார். நான் வார்டில் எத்தனையோ பார்த்தவள், ஆனால் அன்று ஓடிப்போய் அவருடைய தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

மகள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறாள். செய்தி கேட்டு உடனே போன் எடுத்தாள்.

"அம்மா, உந்த வீடு ஆரையேன் கொல்லப்போகுது. ரெண்டு பேரும் என்னோடை வந்திருங்கோ. இஞ்சை ஒரு அறை சும்மா கிடக்கு."

"வீட்டிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. பெயின்ரர்மாரிலைதான் பிழை."

"பதினொரு வருஷமாவோ?"

கணவர் பக்கத்தில் இருந்து கதிரையில் படிந்த சுண்ணாம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில், இருவருக்கும் கேட்கும்படி நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"நல்ல ஆள் ஒண்டைப் பிடிச்சுப் பூசுறன். பூசின பிறகு ஒரு முழு மழைக்காலம் போகட்டும். அதுக்கும் சுவர் உரிஞ்சால், வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுத்திட்டு உன்னட்டை வாறம்."

நான் கொடுத்த வாக்கை மாற்றுகிறவள் இல்லை. அது மகளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் உடனே சரி என்றாள்.

நல்ல பெயின்ரர் யார் என்று கேட்டால் சனம் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லும். அதெல்லாம் தங்கள் மச்சானும் மருமகனும்தான். வார்டில் நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை. தையல் வெட்டுகிற நாளில் காயத்தைப் பார்த்தாலே யார் தைத்தது என்று தெரிந்துவிடும். வீட்டுக்கும் அப்படியே செய்வது என்று முடிவெடுத்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் புறப்பட்டேன். மழை பெய்து ஓய்ந்த கையோடு, பழைய வீடுகளாகப் பார்த்து, படலையைத் திறந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. கையில் பூச்சு உதிர்ந்து மாவாக ஒட்டினால் திரும்பிவிடுவது. வெடிப்புத் தெரிந்தாலும் அப்படியே. நன்றாக இருந்தால், பூசி எத்தனை வருஷம் என்று கேட்பது.

சுன்னாகத்தில் ஒரு வீட்டுக்காரி என்னைக் கண்டதும் ஓடிப்போய்ப் பூச்சாடியெல்லாம் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினாள். டெங்கு பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டாள். நான் இல்லையென்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு, கிணற்றடியில் ஒரு பழைய ரயர் மழைத் தண்ணீரோடு கிடப்பதைக் கண்டதால் அதையும் கவிழ்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் வீட்டுச் சுவரில் மா ஒட்டியது.

ஐந்தாம் நாள் இணுவிலில், கந்தசுவாமி கோயிலுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டைக் கண்டேன். எங்கள் வீட்டின் காலத்தையே சேர்ந்தது. அன்று விடிய விடிய மழை. ஆனாலும் சுவரில் ஒரு திட்டு ஈரம் இல்லை, ஒரு கொப்பளம் இல்லை. கையை எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பூசி ஐந்து வருஷம் என்றார் வீட்டுக்காரர். பூசிய ஆள் எங்கே என்று கேட்டதற்கு ஒழுங்கையின் முடிவைக் காட்டி, "உங்கை தோட்டத்திலை நிக்கிறார்" என்றார்.

செம்பாட்டு மண்ணில் முழங்காலளவு சேறோடு, மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார் அவர். வயது ஐம்பது இருக்கும். வெயில் குடித்த ஒல்லி உடம்பு. நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் நின்றது. அவருடைய தாயார் ஒருகாலம் என் வார்டில் இருந்தவராம், அதனால் என்னை அடையாளம் கண்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அந்த வீடு நீங்கள் பூசினதோ, தம்பி?"

"ஓம் மிஸ்ஸி."

"என்ரை வீடும் பூசவேணும். பழைய சுண்ணாம்புக் கட்டு. நத்தாருக்கு முதல்."

"இப்ப நான் பெயின்ரர் இல்லை. ஐப்பசி தொடக்கம் தை முடியுமட்டும் கமக்காரன். மாசியிலை சொல்லியனுப்புங்கோ, வாறன்."

"நத்தார் மார்கழியிலை வருகுது, தம்பி."

"மழையும் அப்பதானே வருகுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏழு பெயின்ரர்மார் என்னுடைய ஒரு போனுக்கு ஓடி வந்தவர்கள். இந்த மனிதர் சேற்றுக்குள் நின்றுகொண்டு எனக்கு நாள் குறிக்கிறார். ஆனால் அந்தச் சுவர் என் உள்ளங்கையில் இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, வந்து ஒருக்கால் பார்த்தாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். நான் கெஞ்சிக் கேட்டதை என் கணவர் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

அடுத்த நாள் பின்னேரம் வந்தார். கையில் பிரஷும் இல்லை, வண்ண அட்டையும் இல்லை. ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பொலித்தீன் சொப்பிங் பை, ஆஸ்பத்திரியில் நாங்கள் பாவிக்கிற மாதிரி ஒட்டுகிற பிளாஸ்ரர், இவ்வளவுதான். சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் பின்னாலேயே போனேன். என் சுவரை ஒருவர் இப்படித் தட்டிப் பார்ப்பது எனக்குப் புதிது. ஏழு பேரும் வந்தவுடன் எந்தக் கலர் என்றுதான் கேட்டார்கள்.

பிறகு அவர் சொப்பிங் பையைச் சதுரமாக வெட்டி, விறாந்தையின் உட்பக்கம், மழை படாத இடத்தில், நாலு பக்கமும் காற்றுப் புகாமல் சுவரோடு ஒட்டினார். "விடிய வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் அவர் வருமுன்னே நான் பார்த்துவிட்டேன். பொலித்தீனின் உட்பக்கம் முழுக்கத் தண்ணீர்த் துளிகள். மழை அந்த இடத்துக்கு வராது. தண்ணீர் சுவருக்குள் இருந்துதான் வந்திருக்கிறது.

அவர் வந்து, பெயின்ற் வெடித்த இடத்தில் தகடு ஒன்றைச் செருகி, ஒரு செதிலைக் கழற்றி என் கையில் தந்தார். ஓரமாகத் திருப்பிப் பார்த்தால் நீலம், கிறீம், பச்சை, மறுபடி கிறீம், இளஞ்சிவப்பு என்று ஒன்றின்மேல் ஒன்றாக வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு நத்தார். அடியில் இருந்த பக்கம் ஈரமாக, விரலில் பிசுபிசுத்தது.

"சுண்ணாம்புச் சுவர் மழைக்குக் குடிக்கும், வெயிலுக்கு விடும். அது அதின்ரை பாட்டிலை செய்யும்," என்றார். "நீங்கள் என்ன செய்யிறியள், குடிச்சு நிக்கிற நேரமாப் பாத்து மேலாலை மூடிப்போட்டு விடுறியள். உள்ளை போன தண்ணி எங்காலை வெளியிலை வாறது?"

நான் அந்தச் செதிலைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் இருந்துவிட்டேன். ஈரக் காயத்தை மேலே மூடித் தைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. புதிதாக வந்த தாதிப் பிள்ளைகள் எத்தனை பேரை அதற்காக ஏசியிருக்கிறேன். அதையே என் வீட்டுக்குப் பதினொரு முறை, வருஷம் தவறாமல், நல்ல உடுப்புப் போட்டுவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்திருக்கிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. "நீங்கள் நத்தாருக்கு அடிச்சுப் பழுதாக்கிறியள். எங்கடை ஆக்கள் பொங்கலுக்கு அடிச்சுப் பழுதாக்கினம். சாமி வேறை, புத்தி ஒண்டுதான்," என்றார்.

அவர் சொன்ன வைத்தியம் இது. பழைய பெயின்ற் முழுவதையும் உரிக்க வேண்டும். இடையில் யாரோ வைத்த சீமெந்து ஒட்டுக்களைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தே வைக்க வேண்டும். சுவரை வெறுமனே வெயில் குடிக்க விட வேண்டும். கடைசியாக நீற்றிய சுண்ணாம்பு, நாலு பூச்சு.

"சுண்ணாம்போ? மதிலுக்கும் கிணத்துக்கட்டுக்கும் அடிக்கிற வெள்ளையோ?" என்றேன். சபைச் சனம் என்ன சொல்லும் என்பதுதான் முதலில் வந்தது.

"உந்த வீட்டைக் கட்டினவை வாளிப் பெயின்றே அடிச்சவை?"

மகளுக்குப் போன் எடுத்து, பூசுவது பங்குனியில்தான், ஆகவே மழைக் கணக்கு அடுத்த வருஷம் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான், ஒரு முழு மழை, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை என்றாள். என் மகள்தானே.

கார்த்திகையில் நாலு நாள் மழை விட்டது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்று பெயின்ரரும் அவருடைய மச்சானும் வந்து முன்சுவரை மட்டும் உரித்தார்கள். ஐந்தாம் நாள் மழை திரும்பியது. அவர்கள் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நத்தாருக்கு எங்கள் வீடு முகத்தில் தோல் இல்லாமல், சாம்பலும் மஞ்சளும் திட்டுத்திட்டாக நின்றது. பக்கத்தில் எல்லா வீடும் புதுப் பெயின்ற்றில் மின்னியது.

அப்போது நான் ஒரு மடைத்தனம் செய்தேன். நத்தாருக்கு மூன்று நாள் இருக்க வெயில் எறித்தது. களஞ்சிய அறையில் போன வருஷத்துக் கிறீம் பெயின்ற் அரை வாளி இருந்தது. விறாந்தையின் வலப்பக்கத் தூண், படலையால் வருகிற கண்ணுக்கு முதலில் தெரிவது. அதை மட்டும் பூசினால் என்ன? நானே பிரஷை எடுத்தேன்.

கணவர் வெளியே வந்து பார்த்தார். "என்ன செய்யிறீர்?"

"தூணுக்கு அடிக்கிறன்."

"அந்தாள் வேண்டாம் எண்டெல்லே சொன்னவர்."

"சுவருக்குத்தானே சொன்னவர். இது தூண்."

அவர் உள்ளே போய்விட்டார். இருவருக்கும் தெரியும் அது வெறும் கதை என்று.

நத்தார் அன்று ஆராதனை முடிந்து சனம் வந்தது. படலையடியில் நின்ற முதல் ஆளே கேட்டார், "என்ன மிஸ்ஸி, நத்தாருக்கு வீடு பூசேல்லையோ?"

"இல்லை," என்றேன்.

அடுத்தவரும் அதையே கேட்டார், அதற்கடுத்தவரும். ஒருவர் இரக்கப்பட்டு, கொழும்புக்கே போகிறீர்களாம் என்றார். இன்னொருவர், வயதுபோனால் எல்லாம் செய்ய ஏலாதுதானே என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கேக்கையும் பலகாரத்தையும் நீட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன். படம் எடுக்கிறவர்களையெல்லாம் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தத் தூணோடு நிறுத்தினேன். அந்த வருஷத்து நத்தார்ப் படம் முழுவதிலும் ஒரே தூண்தான் இருக்கிறது.

மாசி பிறந்து இரண்டாம் நாள், சொன்ன சொல்லுக்குப் பெயின்ரர் வந்து நின்றார். வந்தவர் நேரே தூணடிக்குப் போனார். தை வெயிலுக்கே அதில் கொப்பளம் வந்திருந்தது. பெருவிரலால் ஒரு கொப்பளத்தை அமத்தினார். தண்ணீர் கோடாக வடிந்தது.

"ஆர் பூசினது?"

"நான்தான், சும்மா பொழுது போகேல்லை எண்டு," என்று பின்னாலிருந்து என் கணவர் சொன்னார். வாழ்நாளில் ஒரு ஆணி அடித்தறியாத மனிதர்.

"இல்லை," என்றேன். "நான்."

அந்தப் பெயின்ரர் முதல்முறையாகச் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டுச் சொன்னது பகிடி இல்லை. "ஒருத்தர் கைவைச்ச வேலையை நான் தொடுறேல்லை, மிஸ்ஸி. அது என்ரை வழக்கம். வீடு நான் செய்யிறன். இந்தத் தூண் உங்கடை. உரிக்கிறது தொடக்கம் கடைசிப் பூச்சுவரை நீங்கள்தான்."

அறுபத்துமூன்று வயதில் எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போல வீட்டுவேலை தந்தார். வேறு யாராவது என்றால் படலையைக் காட்டியிருப்பேன். ஆனால் பிழை என்னுடையது, அதைச் சரிசெய்யத்தான் சொல்கிறார். எனக்கு அந்த மனிதரில் மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் இருவரும் ஒரு சுவர் முடிக்கிற நேரத்தில் நான் என் தூணில் ஒரு முழம் உரித்தேன். முடித்துவிட்டேன் என்று கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளங்கையால் தடவி, "இன்னும் கிடக்கு" என்றார். திரும்ப உரித்தேன். திரும்பத் தடவி, "அடியிலை கிடக்கு" என்றார். மணிக்கட்டு வீங்கி, நானே எனக்குப் பந்தனம் சுற்றிக்கொண்டேன். மூன்றாம் முறை தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம் என்பதை அதற்குள் பழகியிருந்தேன்.

ஒரு மாதத்துக்குமேல் வீடு ஒரு பூச்சும் இல்லாமல் வெயிலில் நின்றது. கிழமைக்கொருமுறை பொலித்தீன் ஒட்டிப் பார்த்தோம். துளி குறைந்து, ஆவியாகி, ஒருநாள் ஒன்றுமே இல்லாமல் போனது. பங்குனியில் அவர் தன் வீட்டில் பீப்பாயில் நீற்றி ஊற வைத்திருந்த சுண்ணாம்பைக் கொண்டுவந்து பழைய சேலைத் துணியில் வடித்தார். உப்பும் படிகாரமும் மஞ்சள் காவியும் கலந்தார். வெயில் படுகிற சுவரை அவர் தொடுவதில்லை. காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர். பூசுமுன் தண்ணீர் தெளித்து நனைப்பார்.

பூசும்போது ஒன்றும் தெரியாது. வெறும் கழுநீரைப் பூசுவது போல இருக்கும். முதல் நாள் இதற்கா இவ்வளவும் என்று பேசாமல் போய்ப் படுத்தேன். விடிய எழும்பிக் கதவைத் திறந்தால், சுவர் தன்பாட்டில் வெளுத்து நின்றது. நாலு பூச்சுக்குப் பிறகு அவித்த பனங்கிழங்கின் நிறம். அந்த நிறத்தை எந்த வாளியிலும் நான் கண்டதில்லை. என் தூணும் அதே நிறத்தில் நின்றது. நான் அன்று பத்துத் தரமாவது படலைக்குப் போய்த் திரும்பி வந்திருப்பேன், அங்கிருந்து பார்க்க.

அதோடு கதை முடியவில்லை. வாக்கு ஒரு மழைக்காலத்துக்குக் கொடுத்தது. ஆடிக் காற்று வந்தது, முற்றத்தில் ஒரு செதில் விழவில்லை. அது பெரிய காரியமில்லை, ஐப்பசி வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணவர் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். தூசு பிடிக்கிறது, அதற்காகத்தான் என்றார். நான் நம்பவில்லை. அவருக்குக் கொழும்புக்குப் போகத்தான் விருப்பம் என்று முடிவெடுத்து, மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. கிணறு நிரம்பி வழிந்தது. பெயின்ரர் பூசிய சுவர்கள் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, இணுவில் வீட்டைத் தொட்டுப் பார்த்தவள் நான். எனக்குப் பயம் என் தூணில்தான். வீடு முழுதும் நின்று, நான் பூசியது மட்டும் உரிந்தால்? அதற்கும் வாக்கு வாக்குத்தானே. ஒவ்வொரு காலையும் முகம் கழுவுமுன் போய் அதைத் தடவிப் பார்ப்பேன்.

கார்த்திகையில் ஒரு காலை நான் எழும்பப் பிந்திவிட்டது. வெளியே வந்தால், கொட்டுகிற மழையில், குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கணவர் அந்தத் தூணில் கையை வைத்தபடி நின்றார். என்னைக் கண்டதும் கையை எடுத்தார்.

"என்ன பாக்கிறியள்?"

"நல்லாத்தான் கிடக்கு," என்றார். பிறகு, "நான் ஒவ்வொரு நாளும் உமக்கு முதல் வந்து பாக்கிறனான். பழுதெண்டால் நீர் காணமுதல் எனக்குத் தெரியவேணும் எண்டு."

"கொழும்புக்குப் போக விருப்பம் எண்டெல்லோ நினைச்சன்."

"கதிரை உடைஞ்ச அண்டைக்குப் பயந்தன். வேறை ஒண்டுமில்லை."

ஒரு வருஷமாக அவரோடு மனசுக்குள் போட்ட சண்டையெல்லாம் வீண். அன்று காலை அவருக்கு முட்டை இரண்டு பொரித்துக் கொடுத்தேன்.

நத்தாருக்கு முதல் நாள் மகள் வந்தாள். அந்த வருஷத்து மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. அவள் பையைத் திறந்து முதலில் எடுத்தது சொப்பிங் பையும் பிளாஸ்ரரும். போனில் நான் சொன்ன கதையெல்லாம் கவனமாகக் கேட்டிருக்கிறாள். சாந்து விழுந்த இடத்தில் ஒன்று ஒட்டினாள். பிறகு யோசித்து, தூணில் ஒன்று ஒட்டினாள். அவளுடைய உரிமை அது.

அடுத்த நாள் நத்தார் ஆராதனை முடிந்து வந்ததும் இரண்டையும் உரித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், விரலால் துடைத்துப் பார்த்தாள். பிறகு தூணை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினாள். கை சுத்தமாக இருந்தது.

அதற்குள் சனம் படலையடிக்கு வந்துவிட்டது. "என்ன மிஸ்ஸி, இந்த முறையும் நத்தாருக்கு வீடு பூசேல்லையோ?"

"இல்லை," என்றேன். அதே சொல்தான். ஆனால் இந்த முறை அதைச் சொல்ல வாய் இனித்தது. சனம் வீட்டின் பின்பக்கமும் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு, யார் பூசியது என்று கேட்கத் தொடங்கியது.

பின்னேரம் அந்த ஆளே வந்தார், தோட்டத்திலிருந்து ஒரு கட்டுக் கரட்டோடு, நத்தாருக்கென்று. கரட்டை என்னிடம் தந்துவிட்டு வழக்கம்போல வீட்டைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். கடைசியாகத் தூணடிக்கு வந்தார். தடவினார். குனிந்து அடியில் தடவினார். நானும் கணவரும் மகளும் வரிசையாக நின்று பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் படியில் இறங்கியவர் திரும்பி நின்றார். "மாசியிலை சுன்னாகத்திலை ஒரு வீடு, மிஸ்ஸி. விறாந்தையிலை ஆறு தூண். மச்சானுக்குத் தூண் வேலை வராது. இந்தத் தூண் பூசின ஆள் வருவாவோ?"

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமாக எங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த அறை அவள் கண்ணில் இருந்தது.

"மாசியிலை எனக்கு இஞ்சை வேலை இருக்குப் பிள்ளை," என்றேன்.